கூடிக் கற்கும் மேசை

சென்ற தீபாவளியை அடுத்த ஞாயிற்றுக்கிழமையன்று என் பழைய மாணவர் ஒருவர் பாலிங்கிலுள்ள என் இல்லம் தேடி வந்தார். குவாலா கெட்டில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரண்டு தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை அவர். இப்போது பினாங்கில் இணையத்தளங்களை உருவாக்கும் தொழிலில் நல்ல நிலையில் இருக்கிறார். முறுக்கும் தேநீரும் முடிந்து, பழைய ஆசிரியர்களைப் பற்றிய பேச்சும் முடிந்த பிறகு, அவர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார்.

பினாங்கில் அவரைப் போன்ற தொழிலாளர் சிலர் திங்களுக்கு ஒரு முறை வியாழக்கிழமை மாலையில் ஒரு மதுக்கூடத்தின் மாடியில் கூடுகிறார்களாம். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா இல்லை, சொற்பொழிவும் இல்லை. எட்டுப் பேரோ பத்துப் பேரோ ஒரு நீண்ட மேசையைச் சுற்றி அமர்வார்கள். அந்தத் திங்களில் தம் வேலையில் எதிர்ப்பட்ட சிக்கலை ஒருவர் சொல்வார். மற்றொருவர் அதை அவிழ்க்கும் வழியைச் சொல்வார். வேண்டியவர் பியர் அருந்துவார். வேண்டாதவர் எலுமிச்சைச் சாறு அருந்துவார். நம் மாணவர் இரண்டாம் வகை. அந்த மேசையில் காதில் விழுந்த ஒரு செய்தியைப் பற்றிக்கொண்டுதான் அவருக்கு இப்போதைய வேலை, முன்னதை விட உயர்ந்த சம்பளத்தில், கிடைத்தது.

இதில் தயங்குவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். முந்திய அலுவலகத்தில் தமக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்த மலாய்ப் பெண் ஒருவரைப் பற்றி அவர் சொன்னார். தொழிலில் தாம் அறிந்தவற்றுள் பாதியைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தாம் என்றார். அந்தப் புதிய வேலைக்குத் தம்மைக் காட்டிலும் அவரே தகுதி மிக்கவர் என்றும் சொன்னார். ஆனால் அவர் மதுக்கூடத்துக்கு வரமாட்டார், வரவும் இயலாது. அந்த வேலையோ எந்தச் செய்தித்தாளிலும் வெளிவரவில்லை. அம்மேசையில் பிறந்து அம்மேசையிலேயே முடிந்துவிட்டது. பிரியும் நாளில் அப்பெண், “இந்த வேலையைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டாய்?” என்று கேட்டிருக்கிறார். “ஒரு நண்பர் சொன்னார்” என்று இவர் மறுமொழி கூறியிருக்கிறார்.

“ஐயா, நான் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனாலும் எதையோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டது போல இருக்கிறது. நான் செய்தது தப்பா?”

அன்று என்னால் விடை கூற முடியவில்லை. “யோசித்துச் சொல்கிறேன், தம்பி” என்று அனுப்பி வைத்தேன். அவ்வாறு யோசித்ததன் பயனே இக்கட்டுரை. தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இதைப் படிக்கையில், கணினிக்காரர் கவலை நமக்கு எதற்கு என்று எண்ணிவிடலாகாது. வினா கணினியைப் பற்றியதன்று; ஒருவரோடு ஒருவர் கூடிக் கற்கும் எல்லார்க்கும் உரியது.

முதலில் அந்தத் தொழிலின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். இவர்கள் கையாளும் முதன்மையான கருவி ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாள்களில் இதன் முதல் வடிவத்தை ஆக்கினார். பத்து நாளில் பிறந்த பிள்ளை இன்று உலகத்தின் ஏறத்தாழ எல்லா இணையப் பக்கங்களுக்குள்ளும் புகுந்து வேலை செய்கிறது. 1997இல் இதற்கு ஒரு பொது இலக்கணம் வகுத்தார்கள். 2015ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஒரு முறை அவ்விலக்கணத்தைப் புதுப்பித்து வெளியிடுகிறார்கள். நன்னூலை ஆண்டுதோறும் திருத்தி வெளியிட்டால் நம் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்! அச்சிட்ட பாடநூல் கைக்கு வருமுன் பழையதாகிவிடும். கல்லூரியில் கற்றது மூன்றாண்டில் தேய்ந்துவிடும். ஆகவே, தொழில் செய்வோர் ஒருவரையொருவர் கேட்டே கற்க வேண்டிய நிலை உண்டாகிறது.

இம்மொழிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஒருவர் எழுதிய நிரலை, அது வந்து சேரும் உலாவியிலேயே திறந்து பார்த்துவிடலாம். சமையற்காரர் பரிமாறும் தட்டுடன் சமையற்குறிப்பும் சேர்ந்து வருவது போன்றது இது. அதன் இலக்கணத்தை வகுப்போர் நடத்தும் விவாதங்களும் பொதுவில் கிடைக்கின்றன. இவ்வளவும் திறந்து கிடக்கும்போது மதுக்கூடத்து மேசை எதற்கு?

எதற்கு என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எளிதில் உணர்வார்கள். ரப்பர் மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பாலெடுக்கலாம் என்பதைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி என்னும் அறிஞர் 1890களில் காட்டினார். அது நூலில் இருக்கிறது. பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் மரத்தில் காயம் விழும் என்பதும் நூலில் இருக்கிறது. ஆனால் விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் ஒளியில், ஒரு மில்லிமீட்டர் கூடாமலும் குறையாமலும் கத்தியை இழுக்கும் கை எந்த நூலில் இருக்கிறது? தாயின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் மகள் அதைக் கற்றாள். கில்பர்ட் ரைல் என்னும் ஆங்கில மெய்யியலார், ‘இன்னது என்று அறிதல்’ வேறு, ‘எவ்வாறு என்று அறிதல்’ வேறு என 1949இல் பிரித்துக் காட்டினார். மைக்கேல் பொலானியி என்பவர், சொல்லில் அடங்காமல் கையிலும் கண்ணிலும் தங்கிவிடும் அறிவைப் பற்றி 1966இல் தனி நூலே எழுதினார். நிரல் எழுதுவோருக்கும் அத்தகைய கை உண்டு. எந்தக் கருவியை நம்பலாம், எது இரண்டாண்டில் கைவிடும், எந்தப் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பவற்றையெல்லாம் மனிதர் மனிதரிடம் பேசித்தான் பெற முடியும். அதுவும் மேலதிகாரி இல்லாத இடத்தில், “எனக்கு இது தெரியவில்லை” என்று வெட்கமின்றிச் சொல்லக்கூடிய இடத்தில் பேசிப் பெற வேண்டும்.

அத்தகைய இடங்கள் உலகுக்குச் செய்த நன்மை சிறிதன்று. ஆக்ஸ்போர்டில் 1650இலும் இலண்டனில் 1652இலும் காப்பிக்கடைகள் தோன்றின. ஒரு பென்னி கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தவர், வணிகர் அருகிலோ அறிஞர் அருகிலோ அமர்ந்து பேசலாம். அதனால் அவற்றுக்குப் ‘பென்னிப் பல்கலைக்கழகங்கள்’ என்ற பெயரே உண்டாயிற்று. இரண்டாம் சார்லஸ் மன்னன் 1675ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றை மூட ஆணையிட்டான். எதிர்ப்பு எழவே, சில நாள்களில் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். நம் காலத்துக் கணினித் தொழிலுக்கும் இத்தகைய ஒரு தொட்டில் உண்டு. 1975 மார்ச் 5ஆம் நாள் கலிபோர்னியாவின் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில், ஏறத்தாழ முப்பது பேர் கூடினார்கள். ‘ஹோம்புரூ கணினிக் கழகம்’ எனப் பெயர் பெற்ற அக்கூட்டத்துக்கு வந்தவர்களுள் ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஒருவர். தம் முதல் ஆப்பிள் கணினியின் வரைபடங்களை அவர் அக்கழகத்தாருக்கு இலவசமாகவே வழங்கினார். கூட்டம் முடிந்ததும் உறுப்பினர் பலர் ஒயாசிஸ் என்னும் மதுக்கடைக்குச் சென்று, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்களாம். இலண்டன் இணையத் தொழிலாளர் பிற்காலத்தில் ‘பப் ஸ்டேண்டர்ட்ஸ்’ என்ற பெயரில் திங்கள்தோறும் மதுக்கடையில் கூடியதும் இவ்வழி வந்ததே. பினாங்கு மேசையும் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மவர்க்கு ‘மதுக்கூடம்’ என்ற சொல் இலண்டன்காரருக்கு ஒலிப்பது போல ஒலிப்பதில்லை. கெடாத் தோட்டங்களில் வளர்ந்தவர் காதில் அது ‘கள்ளுக்கடை’ என்றே விழும். என் சிறு வயதில் எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை, பிற்பகலில், பால் நிறுத்து முடிந்த வேளையில் திறக்கும். சம்பள நாளில் அதன் வாசலில் பெண்கள் காத்து நிற்பார்கள்; குடிப்பதற்காக அன்று, வீட்டுக்குப் பணம் வந்து சேர வேண்டுமே என்பதற்காக. காலையில் உழைப்பை வாங்கிய தோட்டமே மாலையில் கள்ளை விற்றுக் கூலியின் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இதைப் பொறாமல் எழுந்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. அவர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். குடியை விடுமாறு வீடு வீடாகச் சென்று வேண்டினார்கள். 1947இல் மறியல் போலீசாருடன் மோதலாக வளர்ந்து, தொழிலாளர் உயிரிழப்பிலும் சிறையிலும் முடிந்தது. கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. அதை எதிர்த்துப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலம் போராடியது. இத்தனை கண்ணீரை நினைவில் வைத்திருக்கும் சமுதாயத்தில், ஒரு தாய் தன் மகன் மதுக்கூடத்து மாடியில் அமர்வதைக் கேட்டால் எலுமிச்சைச் சாற்றைப் பற்றியா விசாரிப்பாள்? நம் மாணவர் இதைத் தம் தாயாரிடம் இன்றுவரை சொல்லவில்லை என்று அறிந்தேன்.

ஆயினும், குடிதான் இங்கே குற்றமென்று தீர்ப்புக் கூறி எழுந்துவிட எனக்கு மனம் வரவில்லை. நம் இலக்கியமே இதில் இரு குரலில் பேசுகிறது. திருக்குறளின் பொருட்பாலில் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே உண்டு, தொண்ணூற்று மூன்றாவது. அதற்கு முன்னரே வாழ்ந்த ஔவையார், அதியமான் இறந்தபோது பாடிய புறநானூற்றுப் பாட்டில் (235), அவன் கள்ளைத் தன்னோடு பகிர்ந்த முறையைத்தான் முதலில் நினைந்து அழுகிறார். சிறிதளவு இருந்தால் தமக்கே தந்துவிடுவான் என்கிறார். மிகுதியாக இருந்தால் தாம் பாட, அவனும் உடன் மகிழ்ந்து அருந்துவான் என்கிறார். ஓர் அரசனும் ஒரு பெண்பாற் புலவரும் ஒரே கலத்தின் முன் அமர்ந்த காட்சி அது. ஔவையார் போற்றியது கள்ளையன்று. குறைந்ததைத் தான் விட்டுக்கொடுத்து, நிறைந்ததைப் பகிர்ந்த மனத்தை. அந்த மேசையில் தாழ்ந்த நாற்காலி இருக்கவில்லை. பினாங்கு மேசையையும் அந்த அளவுகோலால் அளக்க விரும்புகிறேன். அங்கே என்ன அருந்துகிறார்கள் என்பதை விட, அங்கே கிடைப்பது எவ்வாறு பகிரப்படுகிறது என்பதே என் கவலை.

என்ன கிடைக்கிறது அங்கே? நட்பு கிடைக்கிறது, அறிவு கிடைக்கிறது, வேலையும் கிடைக்கிறது. மூன்றாவதை மனிதர்கள் தற்செயல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தற்செயலன்று என்பதை மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் 1973இல் வெளியிட்ட ஒரு கட்டுரை விளக்கிற்று. புதிய வேலைச் செய்தி நெருங்கிய உறவினரிடமிருந்து வருவதை விட, எப்போதோ ஒருமுறை சந்திக்கும் அறிமுகக்காரரிடமிருந்தே பெரிதும் வருகிறது என்பது அவர் கண்டது. காரணம் எளிது. நெருங்கியவர் அறிந்ததை நாமும் முன்பே அறிந்திருப்போம். தொலைவில் உள்ளவரே நாம் அறியாததைக் கொண்டுவருகிறார். திங்களுக்கு ஒரு முறை கூடும் மேசை அத்தகைய அறிமுகங்களை விளைவிக்கும் நன்செய் நிலம். விளைச்சல் அங்கே இருக்குமானால், அந்நிலத்துக்குள் யார் கால் வைக்கலாம் என்பது நீதியைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

‘எவரும் வரலாம்’ என்றுதான் அம்மேசையினர் சொல்கிறார்கள். மனமாரச் சொல்கிறார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் இந்நாட்டில் முஸ்லிம் ஒருவருக்கு மது சமயத்தாலும் விலக்கு, மாநிலச் சட்டத்தாலும் விலக்கு. அருந்தாவிட்டாலும், அவ்விடத்தில் காணப்படுவதே அப்பெண்ணுக்கு ஊர்ப்பேச்சாக முடியும். கைக்குழந்தையுடைய தாய் இரவு எட்டு மணிக்கு எப்படி வருவாள்? குடியை விட்டொழிக்கப் போராடும் ஒருவர், விட்டதன் மணம் வீசும் இடத்தில் எவ்வாறு அமர்வார்? பாலிங்கிலிருந்து கற்க விரும்பும் இளைஞன் ஒருவன் இருந்தால், சுங்கைப் பட்டாணிக்குப் போவதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். அதற்கப்பால் கடல் கடக்க வேண்டும். கூட்டம் முடியும் வேளையில் திரும்பி வரப் பேருந்து கிடையாது. இவர்களுள் எவரையும் எவரும் ‘வராதே’ என்று சொல்லவில்லை. கதவு திறந்தேதான் இருக்கிறது. திறந்த கதவின் முன் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை உள்ளே இருப்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை, அவர்கள் ஏறிவிட்டவர்கள்.

ஜான் ரால்ஸ் என்னும் மெய்யியலார் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் இவ்விரண்டையும் வேறுபடுத்தினார். தகுதியுள்ள எவர்க்கும் பதவி திறந்திருக்கிறது என்று அறிவிப்பது ஒன்று. ஒத்த திறமையும் ஒத்த ஊக்கமும் உடையவர்க்கு அதை அடையும் வாய்ப்பும் ஒத்திருக்கச் செய்வது மற்றொன்று. முன்னது ஏட்டில் எழுதும் நீதி. பின்னது வாழ்க்கையில் தேடும் நீதி. ஆனால் ரால்ஸ் பேசியது அரசுகளையும் பெரு நிறுவனங்களையும் பற்றி. எட்டுப் பேர் அமரும் மேசைக்கு அதே சட்டத்தைப் பொருத்தலாமா? இங்கேதான் நான் பல நாள் திகைத்து நின்றேன்.

எதிர்வாதம் வலிமையானது. நான் என் நண்பரோடு எங்கே அமர வேண்டும் என்பதை உலகத்தைக் கேட்டா முடிவு செய்வேன்? நட்பு என்பதே தேர்ந்தெடுப்பது. எல்லாரையும் நண்பராகக் கொள்பவனுக்கு நண்பர் எவரும் இல்லை. விருப்பமான இடத்தில் விருப்பமானவரோடு இருக்கும் உரிமையையும் நீதியின் பெயரால் பறித்துவிட்டால், மனிதர் கூடுவதே அரிதாகிவிடும். அம்மேசையினர் ஒரு சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, தலைவர் தேர்தலும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் வைக்கத் தொடங்கினால், “எனக்குத் தெரியவில்லை” என்று ஒருவர் சொல்லும் அந்த எளிமை எங்கே போகும்? நம் சங்கங்களில் பலவற்றை அறிந்தவன் என்ற முறையில், இந்த அச்சம் பொய்யன்று என்பேன்.

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலில் நட்பை மூவகையாகப் பிரித்தார்: இன்பம் பற்றியது, பயன் பற்றியது, பண்பு பற்றியது. பினாங்கு மேசையைப் பற்றிய குழப்பம் இப்பகுப்பை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குச் சற்றுத் தெளிந்தது. அம்மேசை இன்பத்துக்காகக் கூடியது. கூடிய இடத்தில் பயன் விளைந்தது. இன்பத்துக்காக அமர்ந்தவரை, ஏன் இன்னாரோடு அமர்ந்தாய் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. சிரிப்பைப் பங்கிட்டுத் தா என்று வெளியே நிற்பவர் கேட்க முடியாது. ஆனால் வேலை என்பது சிரிப்பைப் போன்றதன்று. ஒருவர் பெற்றால் மற்றவர் பெற முடியாது. அது ஊருக்குப் பொதுவான களத்தில் விளைந்த நெல். நண்பர் வீட்டுக் கொல்லையில் கொட்டியதனாலேயே நண்பருக்கு உரியதாகிவிடாது. நண்பர் மேசை எந்தக் கணத்தில் பொதுமேசையாகிறது என்று கேட்டால், அதன் மேல் பிறருடைய சோறும் பங்கிடப்படும் கணத்தில் என்று விடை கூறுவேன்.

எங்கள் பாலிங்கில் ஒரு மேசைக்கு வரலாறே உண்டு. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில், இங்குள்ள ஆங்கிலப் பள்ளியில், துங்கு அப்துல் ரஹ்மானும் டேவிட் மார்ஷலும் டான் செங் லாக்கும் ஒரு பக்கத்தில் அமர, காட்டிலிருந்து வந்த சின் பெங்கும் ரஷீட் மைடினும் சென் தியெனும் மறுபக்கத்தில் அமர்ந்தார்கள். பேச்சுக்குக் கதவு திறந்திருந்தது. பேசுவதற்குத் தடையும் இல்லை. ஆனால் இருவரும் ஏற்கக்கூடிய நிபந்தனை கிட்டவில்லை. கட்சிக்கு ஏற்பு வேண்டும் என்றார் ஒருவர். ஆயுதத்தைக் கீழே வைத்து வாருங்கள் என்றார் மற்றவர். பேச்சு முறிந்தது. எது சரி என்பதை ஆராய இது இடமன்று. அக்கதையில் என் நினைவில் நிற்பது வேறொன்று. சின் பெங்கைக் காட்டோரத்தில் வரவேற்று அழைத்துவரவும் திரும்பக் கொண்டுவிடவும் நியமிக்கப்பட்டவர் ஜான் டேவிஸ் என்னும் ஆங்கிலேயர். ஜப்பானியர் காலத்தில் அவரோடு ஒரே காட்டில் வாழ்ந்த பழைய தோழர். மேசைக்கு வர இயலாதவருக்கும் மேசைக்கும் இடையே ஒருவர் நடந்து செல்ல வேண்டியிருந்தது.

நம் மாணவரின் வினாவுக்கு இப்போது வருகிறேன். அவர் செய்தது குற்றமா? குற்றமென்றால் செய்தவர் ஒருவர் வேண்டும். அவர் அப்பெண்ணைத் தடுக்கவில்லை. அவரைப் பற்றித் தாழ்வாகச் சொல்லவில்லை. கேட்ட செய்தியைப் பயன்படுத்திக்கொண்டார். மேசையினரும் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் அப்பெண் இழந்தது மெய். செய்தவர் இல்லாத தீங்கு உலகில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமாக இருக்கிறது. யாரையாவது குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டால் மனம் அமைதி அடைகிறது. நிறுத்த எவரும் அகப்படாவிட்டால், தீங்கே நிகழவில்லை என்று சொல்லிவிடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: கடன். குற்றம் செய்யாமலே ஒருவன் கடன்பட முடியும். தந்தை வாங்கிய கடனுக்கு மகன் குற்றவாளி ஆவதில்லை; ஆயினும் கதவைத் தட்டுபவனுக்கு அவன் முகம் கொடுத்தே ஆக வேண்டும். நம் மாணவர் நெஞ்சில் ‘எடுத்துக்கொண்டு வந்தது போல’ உறுத்தியது குற்ற உணர்ச்சியன்று, கடனுணர்ச்சி. இரண்டையும் பிரித்தறியாததனால்தான் அவர் அவ்வளவு வருந்தினார்.

‘ஒரு நண்பர் சொன்னார்’ என்று அவர் கூறியது மட்டும் வேறு. அது பொய்யில்லை, ஆனால் மெய் வெளியே வராமல் தாழ்ப்பாள் போட்ட சொல். மேசை இருப்பதையே அப்பெண்ணிடமிருந்து அது மறைத்தது. அந்த ஒரு வாக்கியத்துக்கு அவரே முழுப் பொறுப்பு என்று சொல்வேன்.

கடனை எவ்வாறு தீர்ப்பது? மேசையை மாமாக் கடைக்கு மாற்றிவிடலாமே என்று எவரும் சொல்வர். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். தே தாரிக் எந்தச் சமயத்துக்கும் விலக்கன்று, விலையும் குறைவு. சென்னையில் லினக்ஸ் பயனாளர் குழுவினர், மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமைகளில், ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடிக் கற்ற மரபு, மது இல்லாமலும் இத்தகைய கூட்டம் நெடுநாள் நிலைக்கும் என்பதற்குச் சான்று. எனினும் இடமாற்றத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் கருதவில்லை. அந்தக் காலத்துப் பென்னிப் பல்கலைக்கழகங்களில் காப்பிதான் ஊற்றினார்கள். ஆயினும் வாடிக்கையாளராகப் பெண்கள் அங்கே அமர்ந்ததில்லை என்றே சொல்ல வேண்டும். நம் ஊர்த் திண்ணைகளில் மதுவா இருந்தது? அங்கு அமர்ந்து உலகை அளந்தவர் யார், உள்ளே அடுப்பின் முன் நின்றவர் யார்? எங்கள் தோட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாக நின்று தொழிலைப் பற்றிப் பேசிய இடம் பால் நிறுக்கும் கொட்டகை ஒன்றுதான். எந்த நிரையில் மரம் வற்றிவிட்டது, எந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், கத்தியை எந்தக் கல்லில் தீட்டினால் நிற்கும் என்பவையெல்லாம் அங்கே வரிசையில் நின்றபடியே கைமாறின. அதை எவரும் கூட்டம் என்று அழைக்கவில்லை. வேலை நேரத்துக்குள்ளேயே, எல்லாரும் வந்தே தீர வேண்டிய இடத்தில் அது நிகழ்ந்தது என்பதே அதன் பெருமை. இன்றைய அலுவலகங்களில் அத்தகைய கொட்டகை இல்லாமற்போனதால்தான் கற்றல் மாலைக்கும் மதுக்கூடத்துக்கும் தள்ளப்பட்டது போலும். முதலாளிகள் ஒரு மணி நேரத்தை ஒதுக்கினால் பாதிச் சிக்கல் தீரும். ஒதுக்குவார்கள் என்று காத்திருப்பது வேறு.

எல்லாருக்கும் ஏற்ற மேசை ஒன்றை எவராலும் செய்ய முடியாது என்றால், மேசையில் அமர்ந்தவர் என்னதான் செய்வது? கேட்டதை எடுத்துக்கொண்டு நடக்கலாம். வியாழன் மாலையில் அறிந்ததை வெள்ளிக்கிழமை காலையில், வராதவரிடம், அவர் கேளாமலே சொல்லலாம். வேலைச் செய்தி காதில் விழுந்தால், தாம் விண்ணப்பிக்குமுன் தம்மினும் தக்கவருக்கு அதை அறிவிக்கலாம். பிந்தியது எளிதன்று. என் பதவி உயர்வுக் காலத்தில் நான் அவ்வாறு செய்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். செய்யவில்லை. ஆதலால் இதை உபதேசமாக எழுதும் தகுதி எனக்கில்லை.

இவ்வளவையும் ஒரு மாதம் கழித்து நம் மாணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மறு திங்களில், பட்டர்வொர்த்தில், ஒரு ஞாயிறு காலைப் பொழுதில், தேநீர்க் கடை ஒன்றில் கூடலாம் என்று அம்மேசையினருக்கு அறிவித்திருப்பதாகச் செய்தி அனுப்பினார். பாலிங்கில் ஆறாம் படிவம் படிக்கும் மாணவர் இருவரை என் காரில் ஏற்றிக்கொண்டு நானும் சென்றேன். வழியில் பாலிங் மலையைப் பார்த்தபடி, இராஜா பெர்சியோங் தன் கோரைப் பல்லை வீசி எறிந்ததால்தான் ஊருக்கு இப்பெயர் வந்தது என்ற கதையைச் சொன்னேன். அவர்கள் அதை முன்பே அறிந்திருந்தார்கள்.

வந்தவர் ஐவர். வழக்கமான மேசையினரில் இருவரே வந்திருந்தனர். மற்றவர்களுக்கு ஞாயிறு காலை உறங்கும் நேரமாம். அந்த மலாய்ப் பெண் தம் சிறு மகளுடன் வந்திருந்தார். முதல் அரை மணி நேரம் பேச்சு ஓடவில்லை; ஒவ்வொருவரும் தம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தனர். பிறகு என்னுடன் வந்த மாணவருள் ஒருவன், தான் எழுதிய சிறிய நிரல் ஏன் இயங்க மறுக்கிறது என்று கேட்டான். அப்பெண் அவன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்து, பிழையை உடனே சுட்டிக்காட்டாமல், “இந்த வரி என்ன செய்யும் என்று நீ நினைக்கிறாய்?” என்று வினவத் தொடங்கினார். மற்றவர்களும் எழுந்து வந்து அவர்களைச் சுற்றி நின்றார்கள். மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது நம் மாணவர் கார் வரை வந்தார்.

“அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதை அவரிடம் சொல்லிவிட்டாயா, தம்பி?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்லை, ஐயா” என்றார்.